அடிபட்டவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்டார்கள்? 1965ஆம் ஆண்டு போலந்து ஆயர்களின் கடிதம் பற்றி

உங்கள் கேள்வி இது: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கையில் அத்தனை அழிவைக் கண்ட போலந்தின் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்), போர் முடிந்து 20 ஆண்டுகள் கழித்து ஜெர்மன் ஆயர்களுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்களாமே, கேட்க வேண்டியவர்கள் ஜெர்மானியர் அல்லவா? அதே கடிதத்தில் நாட்டின் எல்லையைப் பற்றியும் எழுதினார்களாமே, அது அரசாங்கத்தின் வேலை அல்லவா? இரண்டு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஒரு நாட்டு மக்களின் துயரத்தைப் பற்றிப் பேசவும், அந்தத் துயரத்தை மன்னிக்கவும், ஆயர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? போலந்தின் கம்யூனிச அரசு அன்று கேட்டதும் இதே கேள்விதான். ஆகவே இதை எதிரியின் கேள்வி என்று ஒதுக்காமல், நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

குருமடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் திருச்சபை வரலாறு கற்பித்தவன் நான். இந்தக் கடிதத்தையும் அதற்கு வந்த பதிலையும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களோடு வரிவரியாக வாசித்திருக்கிறேன். கடிதம் ஜெர்மன் மொழியிலேயே எழுதப்பட்டது என்பதால் மூலத்தையே வாசிக்க முடிந்தது. அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எழுதியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதில் கருத்து மட்டுமே சொல்ல முடியும். அப்படிச் சொல்லும் இடங்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

எல்லையிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் மன்னிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 1945இல் போலந்து என்ற நாடே மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. கிழக்கே லிவிவ், வில்னியஸ் உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு சோவியத் ஒன்றியத்திடம் போனது. ஈடாக மேற்கிலும் வடக்கிலும் ஓடர், நைசே ஆறுகள் வரை, அதுவரை ஜெர்மனிக்குச் சொந்தமாக இருந்த சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யாவின் தென்பகுதி ஆகியவை போலந்திடம் வந்தன. அங்கிருந்த ஜெர்மானியர் பல லட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் வீடிழந்த போலந்து மக்கள் அந்த வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம் வ்ரோத்ஸ்வாஃப் என்ற போலந்து நகரமாயிற்று. ஆனால் போட்ஸ்டாம் மாநாட்டில் வல்லரசுகள் இந்த நிலப்பரப்பைப் போலந்தின் நிர்வாகத்தின் கீழ்தான் வைத்தன. எல்லையை இறுதியாக வரையறுப்பது பிற்காலச் சமாதான உடன்படிக்கைக்கு விடப்பட்டது. 1950இல் கிழக்கு ஜெர்மனி அந்த எல்லையை ஏற்றது, மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. புதிதாகக் குடியேறிய ஒவ்வொரு குடும்பமும், 'இந்த வீடு நமக்கு நிலைக்குமா' என்ற கேள்வியோடுதான் படுக்கப் போனது.

இது அரசுகளின் பிரச்சினை மட்டுமாக இருந்திருந்தால் ஆயர்கள் விலகி நின்றிருக்கலாம். ஆனால் எல்லைக்கோடு மறைமாவட்டங்களின், அதாவது ஒவ்வோர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிகளின், நடுவே ஓடியது. திருப்பீடம், அதாவது வத்திக்கானில் உள்ள திருத்தந்தையின் ஆட்சிபீடம், 1929இல் பிரஷ்ய அரசோடும் 1933இல் ஜெர்மன் அரசோடும் உடன்படிக்கை செய்திருந்தது. நாடுகளுக்கிடையே எல்லை சட்டப்படி முடிவாகும்வரை மறைமாவட்டங்களின் எல்லையை மாற்றுவதில்லை என்பது அதன் நெடுநாள் நடைமுறை. ஆகவே கோவிலில் போலந்து மக்கள் போலந்து மொழியில் பாடிக்கொண்டிருந்தாலும், திருச்சபைச் சட்டத்தின்படி அந்தக் கோவில் ஜெர்மன் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1945 ஆகஸ்டில் போலந்தின் கர்தினால் அவ்குஸ்ட் ஹ்லாண்ட் இப்பகுதிகளுக்கு 5 திருத்தூது நிர்வாகிகளை, அதாவது நிரந்தர ஆயர் இல்லாத இடத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர்களை, நியமித்தார். பிரெஸ்லாவின் ஜெர்மன் பொறுப்பாளரான பியோன்டெக்கை, திருத்தந்தையின் விருப்பம் என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகச் செய்தார். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஹ்லாண்டுக்குத் தனி அதிகாரங்கள் கொடுத்திருந்தார் என்பது உறுதி. அந்த அதிகாரம் பழைய ஜெர்மன் பகுதிகளுக்கும் பொருந்துமா, அல்லது போருக்கு முந்தைய போலந்துக்கு மட்டும்தானா என்பதில் போலந்து, ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. என் வாசிப்பில், ஹ்லாண்ட் தமக்குக் கிடைத்த சொற்களைத் தாராளமாகப் பொருள் கொண்டார். ஆனால் மேய்ப்பன் இல்லாமல் தவித்த மக்களைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்.

அந்த ஐவரில் ஒருவர்தான் நம் கடிதத்தை எழுதியவர்: பொலெஸ்வாவ் கோமினெக். மேல் சிலேசியாவில் 1903இல் பிறந்தவர். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. பள்ளியில் கற்றது ஜெர்மன், வீட்டில் பேசியது சிலேசியப் போலிஷ். ஒபோலே பகுதிக்கு நிர்வாகியாக அனுப்பப்பட்ட அவரை, மற்ற நால்வரோடு சேர்த்து 1951 ஜனவரியில் போலந்து அரசே வெளியேற்றியது. 'திருப்பீடம் நிரந்தர ஆயர்களை நியமிக்காமல் வெறும் நிர்வாகிகளை வைத்திருப்பது எல்லையைச் சந்தேகத்தில் வைப்பதாகும்' என்பது அரசின் வாதம். திருப்பீடமோ, எல்லை முடிவாகாமல் நியமிக்க முடியாது என்றது. இரண்டு கல்லுக்கும் நடுவில் அகப்பட்ட தானியம் போல அங்குள்ள குருக்களும் மக்களும் இருந்தார்கள். 1953 பிப்ரவரியில் திருச்சபைப் பதவிகளுக்கான நியமனங்கள் அனைத்துக்கும் அரசின் ஒப்புதல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதே ஆண்டு மே 8ஆம் நாள் ஆயர்கள் அரசுக்கு எழுதிய மனுவில், 'எங்களால் இயலாது' என்று இலத்தீனில் இரண்டே சொற்களில் மறுத்தார்கள். செப்டம்பரில் போலந்துத் திருச்சபையின் தலைவர் கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கி கைது செய்யப்பட்டார். 1956 அக்டோபர் வரை காவலில் இருந்தார். 1965இல் கையெழுத்துப் போட்டவர்கள் அரசின் கோபம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் போட்டவர்கள் அல்லர் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

இனி கடிதம். 1966இல் போலந்து திருமுழுக்குப் பெற்று ஆயிரம் ஆண்டு நிறைவடைய இருந்தது. 966இல் கோமகன் மியெஷ்கோ கிறித்தவரானதை நாட்டின் பிறப்பாகவே போலந்து மக்கள் எண்ணுகிறார்கள். அந்த விழாவுக்கு அழைத்து, உலக ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்காக ரோமில் கூடியிருந்த போலந்து ஆயர்கள் உலகின் பல நாட்டு ஆயர் குழுக்களுக்கு 56 கடிதங்கள் அனுப்பினார்கள். ஜெர்மன் ஆயர்களுக்கான கடிதம் அவற்றில் ஒன்று. 1965 நவம்பர் 18 தேதியிட்ட அதில் 36 ஆயர்கள் கையெழுத்திட்டார்கள்: முதலில் விஷின்ஸ்கி, பின்னால் கோமினெக், பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆன கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா. ஆக, வடிவத்தில் இது அழைப்பிதழ். ஆயர்கள் அரசுக்கு எழுதுவது மனு. மக்களுக்கு எழுதுவது மேய்ப்புப்பணி மடல். சக ஆயர்களுக்கு எழுதுவது கடிதம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் 1965ஐப் புரிந்துகொள்ள முடியாது. போன் நகரில் இருந்த மேற்கு ஜெர்மன் அரசுக்குப் போலந்து ஆயர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. பொதுச்சங்கத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரே மண்டபத்தின் இருக்கைகளில் தங்களோடு அமர்ந்திருந்தவர்களுக்கு எழுதினார்கள். வரைவு நிலையிலேயே சில ஜெர்மன் ஆயர்களோடு கோமினெக் பேசியிருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபரில், ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபை கிழக்கு எல்லையைப் பற்றித் துணிந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்தச் சகோதரர்களுக்கும் தங்கள் வாழ்த்தையும் நன்றியையும் சொல்லும்படி கடிதம் கேட்டுக்கொள்கிறது.

கடிதத்தின் பெரும்பகுதி வரலாறு. முதலில் நல்ல நாள்கள்: கி.பி. 1000இல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ க்னீஸ்னோவுக்கு வந்து புனித அடல்பெர்ட்டின் கல்லறையில் வணங்கியது, போலந்து மண்ணில் வாழ்ந்து மடிந்த ஜெர்மானியப் புனிதை எட்விஜ், கிராக்கோவில் பீடம் செதுக்கிய சிற்பி வைட் ஷ்டாஸ். பிறகு கெட்ட நாள்கள்: ஜெர்மானியச் சிலுவை வீரர் சபையினர் வாளால் மதம் பரப்பியது, பிரஷ்யா போலந்தைப் பங்கு போட்டது, கடைசியில் நாஜி ஆக்கிரமிப்பு. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக் குடிமக்கள், அவர்களில் பெரும்பாலோர் யூதர், உயிரிழந்தார்கள் என்றும், வதைமுகாம்களில் 2,000 குருக்களும் 5 ஆயர்களும், அதாவது அன்றைய ஆயர்களில் நாலில் ஒருவர், மடிந்தார்கள் என்றும் கடிதம் கணக்குச் சொல்கிறது. எல்லையைப் பற்றிய பத்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஓடர்–நைசே எல்லை ஜெர்மானியருக்கு, கடந்த பேரழிவுப் போரின் மிகவும் கசப்பான கனி என்பதைத் தாங்கள் நன்றாகப் புரிந்துகொள்வதாகவும், அகதிகளாகவும் வெளியேற்றப்பட்டவர்களாகவும் வாடும் லட்சக்கணக்கான ஜெர்மானியரின் துயரத்தை அறிந்திருப்பதாகவும் எழுதுகிறார்கள். உடனே அடைப்புக்குறிக்குள், அது வெற்றி பெற்ற நாடுகளின் ஆணைப்படி நடந்தது, 'போட்ஸ்டாம் 1945!' என்று ஓர் ஆச்சரியக்குறியோடு சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆச்சரியக்குறியைப் பார்க்கும்போதெல்லாம், பேனாவை அழுத்திப் பிடித்த ஒரு கை என் கண்ணுக்குத் தெரிகிறது. தொடர்ந்து, மேற்குப் பகுதிகள் இல்லாமல் போலந்து உயிர்வாழ முடியாது, இது 'வாழ்வெளி' தேடும் பிரச்சினை அல்ல, உயிர்வாழ்வின் பிரச்சினை என்கிறார்கள். 'வாழ்வெளி' ஹிட்லரின் சொல். அதைத் தேடி எடுத்து, மறுப்பதற்காகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் அடுக்கிய பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது. மறக்க முயல்வோம், வாக்குவாதம் வேண்டாம், பனிப்போர் இனியும் வேண்டாம், உரையாடல் தொடங்கட்டும் என்று சொல்லிவிட்டு, முடிவடையப்போகும் பொதுச்சங்கத்தின் இருக்கைகளிலிருந்து உங்களை நோக்கிக் கை நீட்டுகிறோம், மன்னிப்பை வழங்குகிறோம், மன்னிப்பைக் கேட்கிறோம் என்று முடிக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுவது இங்கேதான். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள் என்பது பாதி உண்மை, முதலில் மன்னித்தார்கள். ஜெர்மன் மூலத்தில் உள்ள வினைச்சொல் 'மனத்தளவில் பொறுத்துக்கொள்கிறோம்' என்ற அளவில் நிற்பதில்லை. உரிமையுடையவர் மற்றவருக்கு ஒன்றை அளிக்கும்போது சொல்லும் சொல் அது. மன்னிப்பை அளிக்கிறோம் என்றாலே, அளிக்க வேண்டிய குற்றம் எதிர்ப்பக்கத்தில் உண்டு என்று பொருள். நம் ஊர்க் கோவில்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கர்த்தர் கற்பித்த செபத்தில், 'நாங்கள் பொறுப்பது போல பொறுத்தருளும்' என்று ஒரே மூச்சில் இரண்டும் வருகின்றன அல்லவா, அதே அமைப்புத்தான் இது. பொறுக்கிறேன் என்று சொல்லும் வாய் பொறுத்தருளும் என்றும் சொல்லாமல் அந்தச் செபத்தை முடிக்க முடியாது. 36 ஆயர்களும் நாள்தோறும் சொல்லிய செபத்தின் இலக்கணத்தில் எழுதினார்கள்; செய்தித்தாள்கள் அதை இராசதந்திரத்தின் இலக்கணத்தில் வாசித்தன.

ஓராண்டு வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, 'ஃபாதர், அடிபட்டவன் முதலில் போய் மன்னிப்புக் கேட்டால், அடித்தவன் தன்மேல் தப்பே இல்லை என்று நினைத்துவிட மாட்டானா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று என்னால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து 1966 பிப்ரவரியில் போலந்து ஆயர்கள் தங்கள் மக்களுக்கு எழுதிய விளக்க மடலை மீண்டும் வாசித்தேன். 'அண்டை நாட்டாரிடம் மன்னிப்புக் கேட்கப் போலந்து இனத்துக்குக் காரணம் உண்டா?' என்று தாங்களே கேட்டுக்கொண்டு, 'நிச்சயமாக இல்லை' என்று பதில் சொல்கிறார்கள். ஒரு நாடு என்ற முறையில் நாங்கள் ஜெர்மனிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் வரலாறு நெடுகிலும் ஒரே ஒரு போலந்துக்காரராவது தகாத செயலைச் செய்திருந்தால், அதுவே மன்னிப்புக் கேட்கப் போதுமான காரணம் என்பது அவர்கள் விளக்கம். அடுத்த வகுப்பில் இதைத்தான் அந்த மாணவருக்கு வாசித்துக் காட்டினேன். குற்றம் ஆளுடையது, இனத்துடையது அன்று என்ற கருத்து இதில் இருக்கிறது. நாஜிகளும், அவர்களுக்குப் பிந்தைய பழிவாங்கும் பேச்சும் மறுத்தது அதைத்தான். ஆயினும் நவம்பர் கடிதத்தைவிட இந்த மடல் ஓர் அடி பின்வாங்கியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதங்கள் நாடெங்கும் திட்டு வாங்கிய பிறகு எழுதப்பட்டது இது.

அந்தத் திட்டு எளியதாக இல்லை. டிசம்பரில் அரசின் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 'மறக்கவும் மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம்' என்பது முழக்கமாயிற்று. ஆயர்கள் அரசைக் கேட்காமல் வெளியுறவுக் கொள்கை நடத்துகிறார்கள், எல்லையை விலை பேசுகிறார்கள் என்று கட்சித் தலைவர் கோமுல்கா சாடினார். கடிதத்தில் போலந்தைக் கிறித்தவத்தின் கொத்தளம், அதாவது காவல் அரண், என்று வருணித்த சொல் அவருக்கு இன்னும் சினமூட்டியது. கொத்தளம் என்றால் யாருக்கு எதிரான கொத்தளம் என்பது மாஸ்கோவின் நண்பருக்குப் புரியாமல் இல்லை. தொழிற்சாலைகளில் கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள். கிராக்கோவின் சோல்வே தொழிற்சாலைத் தொழிலாளர் பெயரால் வொய்த்திவாவுக்கு ஒரு திறந்த மடல் வெளியானது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அதே தொழிற்சாலையில் கூலித் தொழிலாளியாக வேலை செய்தவர் அவர். அவர் எழுதிய பதிலில் பேராயரின் குரல் குறைவு, பழைய சக தொழிலாளியின் குரல் அதிகம். கடிதத்தை முழுவதும் வாசித்தீர்களா என்றுதான் முதன்மையாகக் கேட்டார். 1966 ஜனவரியில் விஷின்ஸ்கிக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. மே 3ஆம் நாள் செங்ஸ்தொகோவாவின் யாஸ்னா கூராவில் நடந்த ஆயிரமாண்டு விழாவுக்குத் திருத்தந்தை 6ஆம் பவுல் வர விரும்பினார்; அரசு விடவில்லை. வெளிநாட்டு ஆயர்களுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. திருத்தந்தைக்காகப் போடப்பட்ட இருக்கையில் அவருடைய படத்தையும் பூக்களையும் வைத்து விழாவை நடத்தினார்கள். கடிதம் எழுதப்பட்டதே விருந்தினரை அழைக்கத்தான். அந்த விருந்தினர் ஒருவரும் வர முடியவில்லை.

ஜெர்மன் ஆயர்களின் பதிலும் போலந்து ஆயர்களுக்கு வலியைத்தான் கொடுத்தது. டிசம்பர் 5 தேதியிட்ட அதில் கிழக்கு ஜெர்மனி ஆயர்களும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். 'நீட்டிய கைகளைச் சகோதர மரியாதையோடு பற்றிக்கொள்கிறோம்' என்ற வரி உண்டு. 'மறக்கும்படி நாங்களும் கேட்கிறோம், இல்லை, மன்னிக்கும்படி கேட்கிறோம்' என்ற வரியும் உண்டு. எல்லையை ஏற்கிறோம் என்ற வரி மட்டும் இல்லை. அவர்களுடைய மந்தையில் சிலேசியாவிலிருந்து விரட்டப்பட்ட கத்தோலிக்கர் ஏராளம். அவர்களைக் கைவிட்டதாகத் தோன்றக் கூடாது என்ற அச்சம் இதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தப் பதிலை வெறும் மழுப்பல் என்று தள்ளுவோரோடு நான் உடன்படவில்லை. அதில் ஒரு பகுதியை நான் எப்போதும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன், அதன் பொருள் இது: சிலேசியரும் பொமரேனியரும் 'தாயகத்தின் உரிமை' என்று பேசும்போது, ஒரு சிலரைத் தவிர, அவர்களுக்கு ஆக்கிரமிக்கும் எண்ணம் இல்லை. தாங்கள் அங்கே உரிமையோடு வாழ்ந்தோம் என்றே சொல்கிறார்கள். இன்று அங்கே வளரும் இளைய தலைமுறை, தங்கள் தந்தையருக்கு ஒதுக்கப்பட்ட அந்த மண்ணைத் தன் தாயகமாகவே கருதுகிறது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்களின் ஆயர்கள் இதை எழுதியது சிறிய காரியம் அன்று. ஒரே வீட்டைத் தாய்வீடு என்று சொல்ல இரண்டு குடும்பங்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

எல்லை பின்னர் ஏற்கப்பட்டதற்கு இந்தக் கடிதம்தான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை உறுதியான செய்தியாகச் சொல்ல மாட்டேன். 1968இல் பென்ஸ்பெர்க் வட்டம் என்ற ஜெர்மன் கத்தோலிக்கர் குழு எல்லையை ஏற்கத் தயாராக வேண்டும் என்று அறிக்கை விட்டது. அதற்குப் போலந்து ஆயர்களின் கடிதம் தூண்டுதலாக இருந்தது என்பது தெளிவு. 1970 டிசம்பர் 7ஆம் நாள் மேற்கு ஜெர்மனி எல்லையை ஏற்று வார்சாவில் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கோ அரசியல் காரணங்கள் பல: மேற்கு ஜெர்மனியில் வில்லி பிராண்ட் ஆட்சிக்கு வந்தது, மாஸ்கோவோடு முன்னதாகச் செய்த ஒப்பந்தம், வாஷிங்டனின் மனநிலை. இவற்றைக் கடிதம் உண்டாக்கவில்லை. அது செய்தது வேறு. அதற்கு முன் மேற்கு ஜெர்மனியில் ஒரு கத்தோலிக்கர் 'ஓடர்–நைசே' என்று உச்சரித்தாலே துரோகி என்ற பெயர் வரும் நிலை இருந்தது. அதற்குப் பின் அந்தச் சொல்லைக் கோவிலில் பேச முடிந்தது. பேசவே முடியாத ஒன்றை எந்த அரசாலும் கையெழுத்திட முடியாது.

கடிதத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யூதர்களின் அழிவுக்கு அதில் ஒரு தொடர்தான் கிடைத்தது. வெளியேற்றத்தின்போது ஜெர்மானியக் குடும்பங்களுக்குப் போலந்துக்காரர் கையால் நடந்தவை பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. வல்லரசுகளின் ஆணை என்ற அடைப்புக்குறிக்குள் அவையும் போய்விட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, போலந்து மக்கள் இந்தக் கடிதத்தை அரசின் பத்திரிகைகள் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட வடிவில்தான் முதலில் அறிந்தார்கள். ஆஷ்விட்ஸில் தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர், தன் ஆயர் தன் பெயரால் மன்னித்துவிட்டார் என்பதைக் கட்சிப் பத்திரிகையில் வாசிக்க நேர்ந்தது. அவருடைய கோபத்தை அரசு மூட்டிய கோபம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயர்கள் முதலில் தங்கள் மக்களிடம் பேசிவிட்டுப் பிறகு எழுதியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. தணிக்கை நிலவிய நாட்டில் அப்படிப் பேச வழி இருந்ததா என்று நீங்கள் கேட்டால், ஞாயிறு மறையுரை இருந்தது என்பேன்.

அப்படியானால் உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன்: யார் அதிகாரம் கொடுத்தார்கள்? உடன்படிக்கை செய்ய ஒருவரும் கொடுக்கவில்லை, அவர்கள் அப்படிச் செய்யவும் இல்லை. மக்களுக்காக மன்னிக்கவும் ஒருவரும் கொடுக்கவில்லை. மறைந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் மன்னிக்க முடியுமா என்பது இறையியலில் இன்றும் தீராத கேள்வி. ஆனால் கையெழுத்திட்ட 36 பேரில் பலர் தாங்களே ஆக்கிரமிப்பில் துன்புற்றவர்கள். தாஹாவ் என்ற நாஜி வதைமுகாமில் கைதிகளாக இருந்து உயிர்பிழைத்த குருக்கள் அன்றைய போலந்துப் பங்குகளில் இன்னும் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். 5 சக ஆயர்களை முகாம்களில் இழந்த ஒரு சபை, கொன்ற நாட்டின் ஆயர் சபைக்கு எழுதியது. அந்த அளவுக்கு மன்னிக்க அவர்களுக்கு அவர்களுடைய சொந்த இழப்பே உரிமை கொடுத்தது. எல்லையைப் பற்றி எழுதும் உரிமையோ, நான் மேலே சொன்ன மறைமாவட்டச் சிக்கலிலிருந்து வந்தது: 20 ஆண்டுகளாக அவர்கள் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த கோடு அது.

அந்தச் சிக்கல் தீர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வார்சா உடன்படிக்கைக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் 1972 மே மாதம் ஒப்புதல் தந்தது. ஜூன் 3ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஜூன் 28ஆம் நாள் 6ஆம் பவுல் ஓடர்–நைசே வரையிலான மறைமாவட்டங்களைப் போலந்தின் மறைமாவட்டங்களாக நிறுவினார். அதுவரை கோமினெக் வ்ரோத்ஸ்வாஃபில் இருந்து மேய்ப்புப்பணி செய்தபோதும், சட்டப்படி அந்த நகரத்தின் பேராயர் அல்லர். மக்களே இல்லாமல் பெயரளவில் மட்டும் எஞ்சியிருக்கும் பழைய மறைமாவட்டம் ஒன்றின் பட்டத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தார். 1972இல்தான் தாம் வாழ்ந்த நகரத்தின் பேராயர் ஆனார். அடுத்த ஆண்டு கர்தினாலாக உயர்த்தப்பட்டார்; 1974 மார்ச்சில் இறந்தார். 1989 நவம்பர் 12ஆம் நாள் சிலேசியாவின் க்ஷிஷோவாவில் ஆயர் அல்ஃபோன்ஸ் நோசோல் நிறைவேற்றிய திருப்பலியில் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் மேற்கு ஜெர்மன் சான்சலர் கோலும் ஒருவரையொருவர் தழுவிச் சமாதானம் சொன்னதை அவர் பார்க்கவில்லை. வ்ரோத்ஸ்வாஃபின் பேராலயத்துக்கு அருகே, ஓடர் ஆற்றின் மணல் தீவில், 2005 டிசம்பரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பீடத்தில் அந்த வாக்கியம்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.